லித்தியம் இருக்கிறதா

சதர்லாந்தில் ஜூலை.
குழாயில் தண்ணீர் கல்லாகிவிட்டது.
குவிமாடத் தண்டவாளத்தில் படிந்த பனியை
விளக்குமாற்றால் தள்ளி
இரவு ஒன்றரைக்குத் திறந்தோம்.
கரூ வெளி முழுக்க
ஒரு செம்மறிகூட இருமவில்லை.

வுயெல்வா கேப் டவுன்காரி,
கையுறையோடு தட்டச்சுகிறாள், பிழை பிழையாக.
நான் தொலைநோக்கியைத் திருப்புகிறவள்.
அவள் சொன்ன இடத்தில்
என் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை.
கருவிக்கு மட்டும்
ஒரு சிவந்த மங்கல்.

பழுப்புக் குள்ளன் என்றாள்.
பழுப்பா அது?
இல்லையாம்.
கிட்டத்தில் போனால் கத்தரிப்பூ கலந்த சிவப்பாம்.
சிவப்பென்ற பெயரை இன்னொன்று எடுத்துக்கொண்டது,
கறுப்பையும் வேறொன்றுக்கு ஒதுக்கிவிட்டார்கள்.
மிஞ்சியது இது.

கணக்கு சரியென்றால்
வியாழனைப் போல் நாற்பது மடங்கு எடை.
உருவமோ வியாழன் அளவுதான்.
இன்னும் கொட்டு, இன்னும் கொட்டு,
பருக்காது,
உள்ளுக்குள் இறுகும்.

விண்மீன் என்றால் ஹைட்ரஜனை எரிக்க வேண்டும்,
பல நூறு கோடி ஆண்டுகள், விடாமல்.
இதன் மையத்தில் அவ்வளவு சூடு ஏறவில்லை.
பிறந்த புதிதில் கொஞ்சம் டியூட்டீரியம் கிடைத்தது.
தின்று தீர்த்தது.
அன்றிலிருந்து ஆறிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் கோள்தானே என்றேன்.
கோள் ஒரு சூரியனின் காலடித் தூசியில் திரள்வது.
இதுவோ
மேகமொன்று தன் பாரத்தில் தானே சரிந்து பிறந்தது,
விண்மீன்கள் பிறக்கிற வழியில்.
சுற்றி வர இதற்கு யாரும் இல்லை.
இரும்பு மழை பெய்யும்,
மணல் மேகம் கூடும்,
நனைய ஆளில்லை.

எதை வைத்து முடிவு செய்வாய்?
லித்தியம், என்றாள்.
விண்மீன் தன் லித்தியத்தைச் சுட்டுத் தீர்த்துவிடும்.
இதனிடம் மிச்சமிருந்தால் இது விண்மீன் அல்ல.
ஒரு சின்ன சோதனை.
நாற்பது நிமிடம் ஒளி சேரட்டும்.

சோதனை.
ஐம்பத்தாறில் ஒரு மேசை முன்னால்
என் அப்பா ஃபிளோரிஸ் கிளாஸ்டேயை நிறுத்தி
முடியில் பென்சில் சொருகினான் ஓர் அதிகாரி.
தலையை ஆட்டு என்றான்.
பென்சில் விழவில்லை.
மக்ரீட்டா அத்தைக்கு விழுந்தது.
ஒரே வயிறு,
ஒரே பாத்திரத்து ரொட்டி.
அவள் ஏறிய ரயில் பெட்டியில்
அவர் ஏறக் கூடாது.
முப்பது வருடம் ஒரு கடிதமில்லை.
எங்களுக்கும் அவர்கள் வைத்த பெயர்
பழுப்புதான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டேன், ஏனோ.
வுயெல்வா கையுறையைக் கழற்றினாள்,
மறுபடி மாட்டினாள்.
இதற்கு வலிக்காது ஹென்ட்ரீனா, என்றாள்.
தெரியும்.
தெரிந்துதான் சொன்னேன்.

பதின்மூன்று வியாழனுக்குக் கீழே போனால் கோள் என்று
அங்கேயும் ஒரு கோடு உண்டாம்.
கோட்டின் மேலேயே நிற்பவற்றை என்ன செய்வீர்கள்?
சண்டை போடுவோம், என்றாள்.
வருடத்துக்கு இரண்டு மாநாடு.
ஒருவரையொருவர் தேநீருக்கும் கூப்பிட மாட்டோம்.
சிரித்தோம்.
வாயிலிருந்து ஆவி வந்தது.

திரையில் நிறமாலை இறங்கியது,
கரடுமுரடாக, குளிரில் நடுங்கும் கையெழுத்துப் போல.
அறுநூற்று எழுபது புள்ளி எட்டில்
ஒரு பள்ளம்.
எறும்பு கடித்த அளவு.
இருக்கிறது, என்றாள் மெதுவாக.
எரிக்காமல் வைத்திருக்கிறது.

மென்பொருள் கேட்டது: விண்மீனா, கோளா?
இரண்டே கட்டங்கள்.
அவள் இரண்டையும் தொடாமல்
கதவைத் திறந்து வெளியே போய்
சிறிது நேரம் வானத்துக்குக் கீழே நின்றாள்.

குவிமாடத்தை நான் மூடினேன்.
குறிப்பேட்டில் எழுத வேண்டும்:
காற்று தெற்கு, ஈரப்பதம் முப்பத்தொன்று,
லித்தியம் உண்டு.
பேனா மை உறைந்து போயிருந்தது.
மேசை இழுப்பறையில் துழாவினேன்.
இருந்தது
ஒரு பென்சில்.